இரங்க வைக்கும் வில்லன்கள்

வில்லன் மீது எமக்கு ஏன் இரக்கம் வருகிறது? கதை முதலில் அவனுடைய காயத்தைக் காட்டிவிடுவதால்தான் என்பது என் எண்ணம். மணிரத்னத்தின் 'நாயகன்' (1987) படத்தில், தன்னை வளர்த்த ஹுசைன் பொலிஸ் காவலில் இறந்த பின்புதான் வேலு அந்த அதிகாரியைக் கொல்கிறான். அதற்குள் நாம் அவன் பக்கம் சாய்ந்துவிடுகிறோம்.

எமது கேகாலை மாவட்டத்துக்கும் அப்படியொரு நாயகன் உண்டு. மாவனல்லைக்கு அருகே உத்துவன்கந்தையில் ஒளிந்திருந்த சரதியேல், பணக்காரரிடம் பறித்து ஏழைக்குக் கொடுத்தவன் என்றே இன்றும் பேசப்படுகிறான். (எங்கள் வகுப்பிலும் பாதிப் பேர் அப்படித்தான் சொல்வார்கள்.) 1864 மார்ச் 21இல் அவனைப் பிடிக்கச் சென்ற பொலிஸ்காரர் சபான், கூட்டாளி மம்மலே மரிக்காரின் துப்பாக்கிக்குப் பலியானார். மே 7இல் சரதியேலும் மரிக்காரும் கண்டியில் தூக்கிலிடப்பட்டனர். சுட்டவர் முஸ்லிம்; இறந்தவரும் மலாய் முஸ்லிம். சரதியேலின் பெயர் சிறு பிள்ளைக்கும் தெரியும். சபானுக்கு ஆண்டுக்கொருமுறை பொலிஸ் வீரர் தினம் மட்டும்.

'நாயகன்' இந்த இடத்தில் நேர்மையான படம். கொல்லப்பட்ட அதிகாரியின் மனைவியையும் மகனையும் அது மறக்கவில்லை. அந்த மகனின் கையாலேயே வேலு சாகிறான். அன்றிரவு சபானின் வீட்டில் யார் காத்திருந்தார்கள் என்று சொல்லும் படத்தைத்தான் நான் பார்க்க விரும்புகிறேன்.