விமானி அறையில் செல்போன்



விமானம் கிளம்புமுன் பயணிகளிடம் செல்போனை அணைக்கவோ, சிக்னலை நிறுத்தவோ சொல்வார்கள். ஓட்டுகிற விமானியே அணைக்காவிட்டால்? நடந்த மூன்று சம்பவங்களைப் பார்ப்போம்.

1. 2009 அக்டோபர் 21, அமெரிக்கா. நார்த்வெஸ்ட் விமானத்தின் இரு விமானிகளும் மடிக்கணினியில் பணி அட்டவணை பார்த்துக் கொண்டிருந்தார்கள். தரைக் கட்டுப்பாட்டு நிலையத்துடன் ஒரு மணி நேரத்துக்கு மேல் பேச்சே இல்லை. இறங்க வேண்டிய மினியாபொலிஸைத் தாண்டி 100 மைலுக்கு மேல் போய்விட்டார்கள். உரிமம் பறிபோனது.

2. 2010 மே 27, சிங்கப்பூர். ஜெட்ஸ்டார் விமானம் இறங்கும் நேரத்தில் கேப்டனின் செல்போனில் மெசேஜ் வந்த சத்தம். அவர் அதை அணைப்பதில் மும்முரமாக இருக்க, சக்கரம் உரிய நேரத்தில் இறக்கப்படவில்லை. சுமார் 400 அடி உயரம் வரை வந்து, மறுபடி மேலே ஏற்றினார்கள்.

3. 2014 ஆகஸ்ட். மும்பையிலிருந்து பிரஸ்ஸல்ஸ் சென்ற ஜெட் ஏர்வேஸ் விமானம் துருக்கி வானில் சுமார் 5,000 அடி கீழே இறங்கியது. கேப்டன் ஓய்வில், துணை விமானியின் கவனம் டேப்லெட்டில். அது பணிக்காகத் தரப்பட்ட கருவிதான் என்பதைக் கவனியுங்கள்!

மூன்றிலும் உயிர்ச்சேதம் இல்லை. அதிர்ஷ்டம்தான்.

ஆபத்து இருவகை. ஒன்று, அலை. ரேடியோ பக்கத்தில் செல்போனை வைத்தால் சில சமயம் 'டிர்ர்' என்று இரையுமே, அதே இரைச்சல் விமானியின் ஹெட்போனிலும் வரலாம். இரண்டாவது, கவனச் சிதறல். மேலே சொன்ன மூன்றுக்கும் காரணம் இதுதான். 2014-இல் அமெரிக்கா, விமானிகள் பணியில் சொந்த உபயோகத்துக்குச் செல்போன், மடிக்கணினி பயன்படுத்தத் தடை விதித்தது.

"நாம எங்க பிளேன் ஓட்டப் போறோம்?" என்று கேட்காதீர்கள். நம்ம சிவகாசி பட்டாசு ஆலைகளுக்குள்ளும் செல்போன் கூடாது. மருந்து செலுத்தும் வேலை பார்க்கும் என் அப்பா சொல்வார்: "செல்லால வர்ற தீய விடு. அதப் பார்த்துக்கிட்டே கை தவறி உராய்ஞ்சா வர்ற தீதான்யா பெருசு." பள்ளிக்கூடம் போகாதவர் சொன்னதும் விமான விசாரணை அறிக்கைகள் சொன்னதும் ஒன்றுதான்!

நாளை நாம் லேத் முன்னாலும் மின் பலகை முன்னாலும் நிற்கப் போகிறவர்கள். வேலை நேரத்தில் செல்போன் பையில் இருக்கட்டும். கண் வேலையில் இருக்கட்டும்.

கவனம் காப்போம்! உயிர் காப்போம்!