பட்டாளத்துக்காரர் வழிவந்த பிள்ளைகளுக்கு

குமாரபாளையத்துத் தறிவீட்டுப் பிள்ளைகள் சிலர், "எங்க பாட்டனுக்குப் பாட்டன் கம்பெனிப் பட்டாளத்தில் இருந்தாராம், எப்படித் தேடுவது?" என்று கேட்கிறீர்கள். கேட்டதற்கு எனக்கு ரொம்ப சந்தோஷம். எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

1. முதலில் அமுச்சிகளிடமும் ஆத்தாக்களிடமும் போய் உட்காருங்கள். ஆண்கள் சண்டைக் கதை சொல்வார்கள். பெண்களோ எந்தப் பிள்ளை எந்த ஊரில் பிறந்தது என்பார்கள். திருச்சி, பெல்லாரி, கண்ணனூர், செகந்திராபாத் என்று ஊர்கள் வரிசையாக வந்தால், அது ஒரு ரெஜிமென்ட் நடந்த பாதை. உடனே எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

2. சிப்பாயைத் தனி ஆளாக நினைக்காதீர்கள். கிழக்கிந்தியக் கம்பெனியின் சென்னைப் படையில் பெண்டாட்டி, பிள்ளை, வயதான தாய் எல்லாரும் படைப்பிரிவோடு ஊர் ஊராகப் போனார்கள். சிப்பாய்கள் தங்கும் லயனில் குடிசை போட்டுச் சமைத்தார்கள். 19-ஆம் நூற்றாண்டில் நெடுங்காலம் சாதாரணச் சிப்பாயின் மாதச் சம்பளம் 7 ரூபாய். சாப்பாட்டுச் செலவும் குடும்பமும் அதற்குள்தான். சிப்பாய்களின் மகன்களைச் சிறுவயதிலேயே படையின் கணக்கில் சேர்த்து, சிறு சம்பளம் கொடுத்து வளர்த்து, பெரியவனானதும் சிப்பாயாக்கும் வழக்கம் இருந்தது. அதனால் அப்பன், மகன், பேரன் மூவரையும் ஒரே ரெஜிமென்டில் தேடிப் பாருங்கள். 1824-இல் பர்மாச் சண்டைக்குச் சென்னைப் படை கப்பலேறியபோது குடும்பங்கள் இங்கேயே தங்கின. சம்பளத்தில் ஒரு பங்கை வீட்டுக்குக் கொடுக்க ஏற்பாடு இருந்தது. ரங்கூன் பக்கம் போனவர்களில் குண்டுக்குச் செத்தவர்களைவிட நோய்க்குச் செத்தவர்களே அதிகம். அப்புறம் அந்த வீட்டுக்காரி எப்படிப் பிழைத்தாள்? உங்கள் தேடலில் பெரும்பகுதி இந்தக் கேள்விக்கே போகட்டும். போர்களைப் பற்றி எழுத நிறையப் பேர் இருக்கிறார்கள்.

3. வீட்டில் பழைய வெள்ளிப் பதக்கம் இருந்தால் தட்டானிடம் கொடுப்பதற்கு முன் அதன் விளிம்பைப் பாருங்கள். பல பதக்கங்களில் சிப்பாயின் பெயரும் ரெஜிமென்டும் அங்கே பொறித்திருக்கும். குமாஸ்தா காதில் விழுந்தபடி எழுதிய பெயர் அது. நாலைந்து விதமாக உச்சரித்துப் பாருங்கள்.

4. ரெஜிமென்ட் எண்ணில் ஏமாறாதீர்கள். 1824-இல் பட்டாலியன்களைப் பிரித்து ரெஜிமென்டுகளுக்குப் புது எண் கொடுத்தார்கள். 1903-இல் மறுபடி மாற்றினார்கள். அப்போது சென்னைக் காலாட்படை எண்களோடு பெரும்பாலும் 60 கூட்டப்பட்டது. 13 என்றிருந்தது 73 ஆனது. வில்சன் எழுதிய சென்னைப் படை வரலாற்றுத் தொகுதிகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டால் குழப்பம் குறையும்.

5. சென்னை எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக்காப்பகத்துக்குப் போனால் பெயரைச் சொன்னதும் கட்டு எடுத்துத் தருவார்கள் என்று எண்ணாதீர்கள். வெள்ளை அதிகாரி ஒவ்வொருவரைப் பற்றியும் காகிதம் இருக்கும். சிப்பாய்க்கு அப்படி இருப்பது அரிது. பென்ஷன், ராணுவ விசாரணை, மனு, இவற்றுக்குள்தான் அவன் தட்டுப்படுவான். 1806-இல் வேலூர்க் கோட்டையில் சென்னைப் படைச் சிப்பாய்கள் செய்த எழுச்சியைப் பாருங்கள். அந்த மே மாதம் புதுத் தலைப்பாகையை மறுத்ததற்காக ஒரு இந்துவுக்கும் ஒரு முஸ்லிமுக்கும் ஆளுக்கு 900 கசையடி தீர்ப்பானது. ஜூலை 10-இல் கோட்டையில் எழுச்சி வெடித்தது. பின்னால் நடந்த விசாரணையில் சாதாரணச் சிப்பாய்களும் வாய்திறந்தார்கள். நெற்றியில் நாமம், திருநீறு கூடாது, தாடியை மழி என்று சொல்லப்பட்ட மனிதர்கள் அவர்கள். தேடலில் புதிதாக இறங்குபவர்கள் வேலூரை ஒருதரம் நன்றாகப் படித்துவிடுங்கள்.

6. கடைசியாக, சங்கடமான ஒன்று. நமக்குப் பக்கத்திலேயே சங்ககிரி. கம்பெனியை எதிர்த்துப் போரிட்ட தீரன் சின்னமலையை 1805 ஜூலை 31-இல் கம்பெனிக்காரர்கள் தூக்கிலிட்ட மலை. அதே கம்பெனியின் சோற்றைத்தான் உங்கள் முன்னோரும் தின்றார். சிலர் அந்த முன்னோரைத் திடீரென்று போராளியாக்கி விடுகிறார்கள். சிலர் வெட்கப்பட்டு மறைக்கிறார்கள். இரண்டும் வேண்டாம். 7 ரூபாய் மாதம் தவறாமல் வரும் என்பது மானாவாரிக் காட்டை நம்பியிருந்த வீட்டுக்கு எவ்வளவு பெரியது என்று பாருங்கள். யாருக்கு எதிராக அவர் துப்பாக்கி தூக்கினார் என்பதையும் தெரிந்த அளவு அப்படியே எழுதுங்கள். வீட்டுப் பெரியவர்கள் கோபித்துக்கொண்டால் என்னிடம் கூட்டிவாருங்கள், நான் பேசுகிறேன்.