தாயம் ஏன் விழவில்லை?

பள்ளிகொண்டா

அன்புப் பேத்திக்கு,

வைகுண்ட ஏகாதசி இரவு கண்விழிக்கத் தாயம் ஆடினோமே, நினைவிருக்கிறதா? ரங்கநாதர் கோயிலில் சொர்க்கவாசல் திறக்க நேரமிருந்தது. உன் தம்பியின் காய்கள் பாதிக் கட்டம் தாண்டிவிட்டன. உனக்கோ தாயமே, அதாவது ஒன்றே, விழாமல் ஒரு காய்கூட இறங்கவில்லை. "எனக்கு ராசியே இல்லை தாத்தா" என்று கட்டையைத் தள்ளிவிட்டு எழுந்து போனாய். தூக்கக் கலக்கத்தில் அன்று நான் சரியாகப் பதில் சொல்லவில்லை. ராசிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை அம்மா. எண்ணிப் பார்த்தால் தெரிந்துவிடும்.

தாயத்தில் விழக்கூடியவை 1, 2, 3, 4, 5, 6, 12 என்று ஏழு. அதனால் தாயம் விழும் வாய்ப்பு ஏழில் ஒன்று என்று தோன்றும். தவறு அங்கேதான் தொடங்குகிறது. இரண்டு பித்தளைக் கட்டைகளையும் கையில் எடுத்துப் பார். ஒவ்வொன்றுக்கும் நான்கு பக்கம்: ஒன்று வெறுமை, மற்றவற்றில் ஒன்று, இரண்டு, மூன்று புள்ளிகள். முதல் கட்டை நான்கு விதமாக விழலாம். அந்த ஒவ்வொன்றுக்கும் இரண்டாவது கட்டை நான்கு விதமாக விழலாம். ஆக 16 வழிகள். உன் பாடப்புத்தகம் 'கூறுவெளி' என்று சொல்வது இந்தப் பதினாறைத்தான்.

தாயம் விழ ஒரு கட்டையில் ஒரு புள்ளி, மற்றதில் வெறுமை வேண்டும். எந்தக் கட்டையில் எது என்று பார்த்தால் இரண்டு வழி. 16-ல் 2, அதாவது எட்டில் ஒன்று, அரைக்கால். மூன்று விழ நான்கு வழி உண்டு, அது கால் பங்கு. இரண்டுக்கும் நான்குக்கும் மும்மூன்று, ஐந்துக்கு இரண்டு, ஆறுக்கு ஒன்று. இரண்டும் வெறுமையாக விழும் பன்னிரண்டுக்கும் ஒரே வழி, வெறும் வீசம். எல்லாவற்றையும் கூட்டினால் 16 வர வேண்டும். வராவிட்டால் எங்கோ ஒன்றை விட்டிருக்கிறாய்.

விடைகளை எண்ணாதே, சமமாக விழக்கூடிய வழிகளை எண்ணு. நிகழ்தகவில் எனக்குத் தெரிந்த முதல் பாடம் இதுதான். ஆம்பூர் ஷூ கம்பெனியில் பேக்கிங்கில் இருக்கும் உன் அம்மாவிடம் ஒரு கேள்வி கேள்: ஒரே அளவில் இரண்டு இடது ஷூ, இரண்டு வலது ஷூ ஒரு பெட்டியில் கலந்து கிடக்கின்றன. பார்க்காமல் இரண்டை எடுத்தால் ஜோடி சேருமா? சேரும், சேராது என்று இரண்டே விடை இருப்பதால் பலர் பாதிக்குப் பாதி என்பார்கள். முதலில் எதை எடுத்தாலும் மிச்சம் மூன்று. அவற்றில் இரண்டு அதற்கு ஜோடி. ஆகவே மூன்றில் இரண்டு.

சரி, எட்டில் ஒன்று என்றால் எட்டு முறை உருட்டினால் ஒரு தாயம் நிச்சயமா? இல்லை. ஒரு முறை விழாமல் போக 8-ல் 7 வாய்ப்பு. அதை எட்டு முறை தன்னோடு பெருக்கினால் சுமார் 0.34. எட்டு முறை உருட்டும் மூவரில் ஒருவருக்குத் தாயமே விழாது. அன்று அந்த ஒருவர் நீ. "இவ்வளவு நேரம் விழவில்லை, இனி விழுந்தே தீரும்" என்று பக்கத்து வீட்டுப் பாட்டி தேற்றினாரே, அதுவும் சரியில்லை. பித்தளைக்கு ஞாபகம் கிடையாது. ஒவ்வொரு முறையும் அதே அரைக்கால்தான்.

ஆனால் நிறைய முறை உருட்டினால் கணக்கு தெளியும். இரண்டாம் உலகப்போரில் டென்மார்க்கில் காவலில் வைக்கப்பட்ட ஜான் கெரிச் என்ற கணித ஆசிரியர் ஒரு நாணயத்தை 10,000 முறை சுண்டினார். தலை விழுந்தது 5,067 முறை. இந்தத் துறையின் ஆழத்துக்குப் போனவர்களில் நம் சென்னையில் பிறந்த எஸ்.ஆர். சீனிவாச வரதன் ஒருவர். மிக அரிதாக நடப்பவற்றின் வாய்ப்பைக் கணிக்கும் கோட்பாட்டுக்காக 2007-ல் ஏபெல் பரிசு பெற்றார்.

நம் கட்டை என் அம்மா காலத்தது, முனை தேய்ந்திருக்கிறது. அது இன்னும் நேர்மையாக விழுகிறதா என்று எனக்கே சந்தேகம். அதை உன் தம்பியிடம் கொடுத்து அனுப்புகிறேன். 160 முறை உருட்டி, விழுந்ததையெல்லாம் நோட்டில் குறித்து வை. தாயம் 20-ஐ ஒட்டி வந்தால் கட்டை சரி. ஐந்தோ நாற்பதோ வந்தால் கட்டையைச் சந்தேகப்படு, உன் ராசியை அல்ல. அடுத்த ஞாயிறு வரும்போது நோட்டை மறக்காமல் எடுத்து வா.

அன்புடன்,
தாத்தா