வீட்டிலிருந்தே சுயதொழில், வரப்போகுது பிள்ளை: காசுக்கும் ஓய்வுக்கும் என்ன வழி?



“நான் வேலைக்குப் போறேல்லை, வீட்டில சும்மாதான் இருக்கிறன்.” எங்கள் தாய்மார் பலர் இப்படிச் சொல்வதுண்டு. கொஞ்சம் கதைத்துப் பார்த்தால் அவர் பிளவுஸ் தைத்துக் கொடுப்பார், பிறந்தநாள் கேக் செய்வார், பிள்ளைகளுக்குக் கணக்குப் படிப்பிப்பார், அல்லது கொம்பியூட்டரில் மொழிபெயர்ப்புச் செய்வார். இது சும்மா இருப்பது அல்ல. பிரித்தானியச் சட்டப்படி இது சுயதொழில். அதை நீங்களே வேலை என்று மதித்து நேரத்தோடு பதிந்து வைத்தால்தான் பிள்ளை பிறக்கும் நேரத்தில் உதவி கிடைக்கும். இந்த மாதப் பாடம் அதைப் பற்றியது.

முதலில் சில சொற்கள்

செல்ஃப் எம்ப்ளோயிட்: சுயதொழில் செய்பவர்.

எச்.எம்.ஆர்.சி.: வருமான வரித் திணைக்களம். சுயதொழிலை இங்கேதான் பதிய வேண்டும்.

நஷனல் இன்சூரன்ஸ்: தேசிய காப்புறுதி. சுயதொழில் செய்பவர்கள் கட்டும் ஒரு வகைக்கு ‘கிளாஸ் 2’ என்று பெயர்.

மெற்றேணிற்றி அலவன்ஸ்: மகப்பேற்று உதவிப்பணம். முதலாளியிடம் மகப்பேற்றுச் சம்பளம் பெற முடியாத தாய்மாருக்கு அரசு நேரடியாகக் கொடுப்பது.

மாற் பி1: பிள்ளை பிறக்கும் திகதியை உறுதிப்படுத்தி மிட்வைஃப் அல்லது வைத்தியர் தரும் பத்திரம். 20 வாரம் ஆனபிறகு கேட்டு வாங்கலாம்.

1. நீங்கள் சுயதொழில் செய்யலாமா?

அகதி அந்தஸ்து கிடைத்தவர்கள் தாராளமாகச் செய்யலாம். அகதிக் கோரிக்கை இன்னும் முடியாதவர்கள் செய்யக் கூடாது. 12 மாதம் கடந்து வேலை செய்ய அனுமதி கிடைத்தவர்களுக்கும் சுயதொழிலுக்கு அனுமதி இல்லை. மாணவர் விசாவில் இருப்பவர்களும் சுயதொழில் செய்ய முடியாது. “சின்ன வேலைதானே, ஆருக்குத் தெரியப் போகுது” என்று நினைக்க வேண்டாம். விசாவுக்கே பிரச்சினை வரலாம். கோரிக்கை முடியாத கர்ப்பிணிகளுக்கு உள்துறை அமைச்சின் உதவியில் மேலதிகக் கொடுப்பனவு உண்டு. அதைக் கேட்டுப் பெறுங்கள்.

விசாவில் ‘பொது நிதி இல்லை’ என்று போட்டிருப்பவர்களுக்கு ஒரு நல்ல செய்தி. மெற்றேணிற்றி அலவன்ஸ் பொது நிதிக்குள் அடங்காது. உங்கள் விசா சுயதொழிலை அனுமதித்தால், மற்றத் தகுதிகளும் இருந்தால், பயமில்லாமல் விண்ணப்பிக்கலாம். ஆனால் சைல்ட் பெனிபிற்றும் யூனிவேர்சல் கிரெடிட்டும் பொது நிதி. ஆலோசனை கேட்காமல் அவற்றுக்கு விண்ணப்பிக்க வேண்டாம்.

2. திகதிக் கணக்கு

பிள்ளை பிறக்க இருக்கும் வாரத்துக்கு முந்திய 66 வாரங்களைப் பார்ப்பார்கள். அதில் குறைந்தது 26 வாரம் நீங்கள் பதிவு செய்த சுயதொழிலாளராகவோ, சம்பள வேலையிலோ இருந்திருக்க வேண்டும். இரண்டையும் சேர்த்துக் கணக்குக் காட்டலாம். 26 வாரமும் தொடர்ச்சியாக இருக்கத் தேவையில்லை.

ஒரு உதாரணம் பார்ப்போம். ஒரு சகோதரிக்குப் பிள்ளை பிறக்கும் திகதி 2026 ஒக்ரோபர் 14 என்று வைத்துக்கொள்வோம். அந்த வாரம் ஒக்ரோபர் 11 ஞாயிற்றுக்கிழமை தொடங்குகிறது. 66 வாரம் பின்னோக்கி எண்ணினால் 2025 ஜூலை 6. அவர் புதிதாகத்தான் தொழில் தொடங்குகிறார், வேறு வேலையும் இல்லை என்றால், 26 வாரம் நிரம்ப 2026 ஏப்ரல் 12க்கு முன் சுயதொழிலாகப் பதிந்திருக்க வேண்டும்.

அந்த ஏப்ரல் 12 அன்று அவருக்குக் கர்ப்பம் 13 வாரமும் சில நாட்களும். முதல் ஸ்கான் செய்வது 11 முதல் 14 வாரத்துக்குள். அதாவது ஸ்கான் படத்தைக் கையில் வாங்கி ஊருக்குச் சொல்லும்போது, பதிவுக்கான நேரம் கிட்டத்தட்ட முடிந்துவிட்டது. ஆகவே பிள்ளை பெறும் யோசனை வந்த உடனேயே பதிவு செய்வது நல்லது.

பதியும்போது உண்மையிலே தொழில் தொடங்கிய திகதியைக் கொடுங்கள். வருடத்துக்கு 1,000 பவுண்ட்ஸுக்குக் குறைந்த வரவு என்றால் பொதுவாகப் பதியத் தேவையில்லை. ஆனால் மெற்றேணிற்றி அலவன்ஸ் எடுக்க விரும்பினால், வரவு குறைவானாலும் நீங்களாகவே பதியலாம்.

3. 45 பவுண்ட்ஸ் கட்டாமல் 6,000 பவுண்ட்ஸை இழக்க வேண்டாம்

இந்தப் பகுதியை இரண்டு தரம் வாசியுங்கள். 26 வாரம் நிரம்பினாலும் எல்லோருக்கும் ஒரே தொகை கிடைப்பதில்லை. அந்த 66 வாரத்துக்குள் 13 வாரத்துக்காவது கிளாஸ் 2 கட்டியிருந்தால் முழுத் தொகை. இல்லாவிட்டால் வாரம் 27 பவுண்ட்ஸ் மட்டும்தான். இரண்டும் 39 வாரத்துக்கு.

2025 ஏப்ரலில் தொடங்கிய நிதியாண்டின் கணக்கு இது. தொகைகள் ஏப்ரலில் மாறுவதால் விண்ணப்பிக்கும்போது புதிய தொகையைப் பாருங்கள்.

குறைந்த தொகை: 27 x 39 = 1,053 பவுண்ட்ஸ்.

முழுத் தொகை: 187.18 x 39 = 7,300.02 பவுண்ட்ஸ்.

13 வாரக் கிளாஸ் 2: 3.50 x 13 = 45.50 பவுண்ட்ஸ்.

வித்தியாசம் விளங்குதுதானே? விண்ணப்பம் போனபிறகு உங்கள் காப்புறுதிப் பதிவைப் பார்ப்பார்கள். வருடக் கணக்கு இன்னும் கொடுக்காததால் பலருடைய பதிவில் அந்த வாரங்கள் வெறுமையாக இருக்கும். அப்போது எச்.எம்.ஆர்.சி.யிலிருந்து, முன்கூட்டியே கட்டலாம் என்று ஒரு கடிதம் வரும். அதை வரி மிரட்டல் என்று நினைத்து அலுமாரிக்குள் வைக்காதீர்கள். அதில் உள்ள இலக்கத்தைப் போட்டுக் கட்டுங்கள். வேறு வழியால் முந்திக் கட்டியிருந்தாலும், அந்தக் கடிதம் சொல்லுகிறபடி செய்ய வேண்டும்.

4. விண்ணப்பம்

படிவத்தின் பெயர் எம்.ஏ.1. அரசாங்க இணையத்தளத்தில் எடுக்கலாம். கர்ப்பம் 26 வாரம் ஆனதும் விண்ணப்பிக்கலாம். பிள்ளை பிறக்க இருக்கும் வாரத்துக்கு 11 வாரம் முன்பிருந்து பணம் தொடங்கலாம். மாற் பி1 பத்திரத்தையும் சேர்த்து அனுப்புங்கள். அனுப்பும் எல்லாத் தாளையும் முதலில் போட்டோக் கொப்பி எடுத்து வையுங்கள். பிந்தி விண்ணப்பித்தால் 3 மாதத்துக்கு மேல் பின்னோக்கித் தரமாட்டார்கள்.

யூனிவேர்சல் கிரெடிட் எடுக்கும் குடும்பங்கள் கவனிக்க: மெற்றேணிற்றி அலவன்ஸ் முழுவதையும் வருமானமாக எடுத்து, ஒரு பவுணுக்கு ஒரு பவுண் என்று கழித்துவிடுவார்கள். அதனால் உங்கள் கணக்கு வேறாக இருக்கும். மறைக்காமல் அறிவியுங்கள். விண்ணப்பிக்க முன் சிற்றிசன்ஸ் அட்வைஸ் போன்ற இடத்தில் ஒரு முறை கணக்குப் பார்த்துக்கொள்ளுங்கள். யூனிவேர்சல் கிரெடிட்டில் சுயதொழில் செய்பவர் இவ்வளவு உழைத்திருப்பார் என்று ஒரு தொகையை எடுகோளாக வைப்பதுண்டு. பிள்ளையைப் பிரதானமாகப் பராமரிப்பவருக்கு, பிள்ளைக்கு மூன்று வயதாகும்வரை அந்த எடுகோள் பொருந்தாது. அப்படியும் உங்கள் கணக்கில் போட்டிருந்தால் கேள்வி கேளுங்கள்.

5. தகப்பன்மாருக்கு

தகப்பன் சம்பள வேலையில் இருந்தால் முதலாளியிடம் தகப்பனுக்கான விடுமுறை பற்றிக் கேட்கலாம். டாக்சி, டெலிவரி போன்ற சுயதொழிலில் இருந்தால் சட்டப்படி அப்படி ஒரு கொடுப்பனவு இல்லை. ஆகவே இரண்டு வாரச் செலவுக்காவது முன்கூட்டியே கொஞ்சம் கொஞ்சமாக ஒதுக்கி வையுங்கள். ஊரில் என்றால் பத்தியக்கறி வைக்க அம்மா, பிள்ளையைக் குளிப்பாட்ட மாமி, துடக்குக் கழிவுவரை சுற்றிவர ஆட்கள். இங்கே அநேகமாக அந்த இடமெல்லாம் தகப்பன்தான். அந்த இரண்டு வாரம் பெரிய உதவி.

6. உண்மையாக ஓய்வு எடுங்கள்

கடையில் வேலை செய்பவர் வீட்டுக்கு வந்தால் வேலை முடிந்தது. வீட்டில் வேலை செய்பவருக்கு தையல் மெஷின் கண்ணுக்கு முன்னாலேயே நிற்கும். “அக்கா, ஒரே ஒரு பிளவுஸ்தானே” என்று போன் வரும். மெற்றேணிற்றி அலவன்ஸ் எடுக்கும் காலத்தில் 10 நாள் மட்டும்தான் வேலை செய்யலாம். ஒரு மணித்தியாலம் செய்தாலும் அது ஒரு நாள்தான். அதற்கு மேல் செய்தால் பணம் வெட்டுப்படலாம். அதனால் போனில் இப்படிச் சொல்லிப் பழகுங்கள்: “இப்ப லீவில நிக்கிறன். திரும்பத் தொடங்கினதும் நானே எடுக்கிறன்.”

ஆறாம் மாதத்திலேயே வாடிக்கையாளருக்குக் கடைசித் திகதியைச் சொல்லிவிடுங்கள். அந்தத் திகதிக்குப் பிறகு வரும் கலியாண ஓர்டருக்கு அட்வான்ஸ் வாங்க வேண்டாம். வாங்கிய அட்வான்ஸ் உங்கள் காசு அல்ல, கடன். நம்பிக்கையான இன்னொருவருக்கு வேலையைக் கைமாற்றி விட்டால் வாடிக்கையாளரும் கோபிக்கமாட்டார்.

திரும்ப வேலை தொடங்கியதும் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு மெஷின் மிதிக்கவோ, அடுப்படியில் எண்ணெய்ச் சட்டி வைக்கவோ வேண்டாம். பிள்ளை தூங்கும் நேரத்தை நம்பி ஓர்டர் எடுக்கவும் வேண்டாம். பழைய வேலையில் பாதியோடு தொடங்குங்கள். இங்கிலாந்தில் 2025 செப்டெம்பரிலிருந்து, வேலை செய்யும் பெற்றோரின் 9 மாதத்துக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கு, பாடசாலைத் தவணை வாரங்களில் 30 மணித்தியால அரசுப் பராமரிப்பு உண்டு. சுயதொழில் செய்பவர்களும் கேட்கலாம். வருமானம், விசா பற்றிய நிபந்தனைகளை முதலில் விசாரியுங்கள்.

7. உடம்பும் மனமும்

கர்ப்ப காலத்திலும், பிள்ளை பிறந்து 12 மாதம்வரையும் மருந்துச் சீட்டும் என்.எச்.எஸ். பல் வைத்தியமும் இலவசம். அதற்குரிய அத்தாட்சியை மிட்வைஃபிடம் கேளுங்கள். மொழி விளங்காவிட்டால் மொழிபெயர்ப்பாளரைக் கேட்கலாம். அதற்குக் காசு இல்லை. இந்த வசனத்தைப் பாடமாக்கி வையுங்கள்: “ஐ நீட் எ ரமில் இன்ரர்பிரிற்றர், பிளீஸ்.” மூத்த பிள்ளையை மொழிபெயர்க்க வைக்க வேண்டாம். சில விடயங்களைப் பிள்ளைக்கு முன்னால் நீங்கள் சொல்லமாட்டீர்கள்.

வீட்டுக்குள்ளேயே வேலை, வீட்டுக்குள்ளேயே பிள்ளை என்றால் கிழமைக்கணக்கில் ஒருவரோடும் கதைக்காமல் நாள் போகும். இரண்டு கிழமைக்கு மேல் அழுகை, நித்திரையின்மை, ஒன்றிலும் பிடிப்பில்லை என்றால் அது உங்கள் பலவீனம் அல்ல, வருத்தம். மருந்தும் ஆலோசனையும் உண்டு. ஹெல்த் விசிற்றரிடமோ வைத்தியரிடமோ சொல்லுங்கள். “சொன்னால் பிள்ளையை எடுத்துப் போடுவினம்” என்ற பயம் எங்கள் ஆட்களிடம் இருக்கிறது. அவர்கள் வருவது தாயும் பிள்ளையும் சேர்ந்து நன்றாக இருக்க உதவுவதற்கே. உங்களையோ பிள்ளையையோ ஏதாவது செய்துவிடலாம் போல எண்ணம் வந்தால் காத்திருக்க வேண்டாம், உடனே 999 அழையுங்கள்.

பயிற்சி

ஒரு கொப்பியை எடுங்கள். முதல் பக்கத்தில் தொழில் தொடங்கிய திகதி, பதிந்த திகதி, தேசிய காப்புறுதி இலக்கம். இரண்டாம் பக்கத்தில் இந்த மாத வரவும் செலவும். மூன்றாம் பக்கத்தில், கர்ப்பமாக இருந்தால், பிள்ளை பிறக்கும் திகதியை எழுதி, அந்த வாரத்தின் ஞாயிற்றுக்கிழமையிலிருந்து 26 வாரம் பின்னோக்கி எண்ணிப் பாருங்கள். எங்கேயாவது வெறுமையாக இருந்தால் அந்தக் கொப்பியையும் வந்த கடிதங்களையும் எடுத்துக்கொண்டு ஆலோசனைக்கு வாருங்கள். கடிதம் திறக்காமல் இருந்தாலும் பரவாயில்லை, சேர்ந்து திறந்து வாசிக்கலாம்.