பொட்டலம் போடும் இயந்திரம் வாங்குமுன் கண்ட்ரோலரைத் திறந்து பார்ப்போம்

பேப்பரைக் கூம்பாகச் சுருட்டி, சணல் நூலால் இறுக்கிக் கட்டிச் சாமான் கொடுத்த காலம் நம்மில் மூத்தவர்களுக்கு நன்றாக நினைவிருக்கும். இன்று இரணியலிலும் திங்கள்நகரிலும் உள்ள பலவியஞ்சனக் கடைகளில் மல்லியும் பயறும் சீனியும் கால் கிலோ, அரைக் கிலோ கவர்களாகவே அடுக்கப்படுகின்றன. கோட்டாற்றிலிருந்து மூட்டையாக வருவதை அளந்து கட்ட ஆள் கிடைப்பதில்லை. ஓணத்துக்கும் பொங்கலுக்கும் முன்னால் இந்தத் தட்டுப்பாடு எப்படி இருக்கும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. ஆகவே, சிறிய இயந்திரம் ஒன்று போட்டுவிடலாமா என்று நம் வணிகர்கள் பலரும் யோசிக்கின்றனர்.

விற்பவர்கள் வழவழப்பான எவர்சில்வர் தகட்டையும், மணிக்கு எத்தனை பொட்டலம் என்ற கணக்கையும் காட்டுவார்கள். பக்கவாட்டில் பூட்டிய பெட்டி ஒன்று இருக்கும். அதை யாரும் திறந்து காட்டுவதில்லை, நாமும் கேட்பதில்லை. இயந்திரம் லாபம் தருமா, நட்டம் தருமா என்பது பெரும்பாலும் அந்தப் பெட்டிக்குள்தான் முடிவாகிறது.

முதலில் இயந்திரத்தின் கையைப் பற்றி ஒரு வார்த்தை. சாமான் கொட்டும் கதவைத் திறக்கவும், மூட்டையை மேலே தூக்கவும், மாவு கிரைண்டரைச் சாய்க்கவும் முன்னும் பின்னும் தள்ளும் அசைவு தேவை. பெரிய ஆலைகளில் இதற்குக் காற்றழுத்த சிலிண்டர் வைப்பார்கள். அதற்கு கம்ப்ரசர் வேண்டும். கம்ப்ரசரின் இரைச்சலும், மழைக்காலத்தில் குழாயில் தேங்கும் தண்ணீரும் கடைக்குள் தொல்லை. இதற்கு மாற்றாக வந்ததுதான் மின்சார லீனியர் ஆக்சுவேட்டர். உள்ளே ஒரு சிறிய மோட்டாரும் அதனுடன் ஒரு திருகுத் தண்டும் இருக்கும். மோட்டார் சுற்றினால் தண்டு நீளும், எதிர்ப்பக்கம் சுற்றினால் சுருங்கும். ஆஸ்பத்திரிக் கட்டிலின் தலைப்பக்கம் பட்டனை அழுத்தியதும் எழும்புவது இதனால்தான். இந்தக் கையை எப்போது நீட்டு, எங்கே நிறுத்து என்று சொல்லும் மூளையே கண்ட்ரோலர்.

எந்த வேலைக்கு ஏற்றது?

காற்று சிலிண்டர் வேகமானது. திருகுத் தண்டு மெதுவானது. விற்பவர் இதை மறைக்காவிட்டாலும் அழுத்திச் சொல்ல மாட்டார். கணக்குப் போட்டுப் பார்ப்போம். வினாடிக்கு 20 மி.மீ. நகரும் ஆக்சுவேட்டர் 100 மி.மீ. அகலமுள்ள கதவைத் திறக்க 5 வினாடியும், மூட 5 வினாடியும் எடுக்கும். ஒரு பொட்டலத்துக்கு மோட்டார் 10 வினாடி ஓடுகிறது.

இத்துடன் ‘டியூட்டி சைக்கிள்’ என்ற ஒன்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 25 சதவீதம் என்று எழுதியிருந்தால், நிமிடத்துக்கு 15 வினாடி ஓடி 45 வினாடி ஓய்வெடுக்க வேண்டும் என்று பொருள். அப்படியானால் நிமிடத்துக்கு ஒன்றரைப் பொட்டலம்தான் போட முடியும். கையால் கட்டுபவரே இதைவிட விரைவாகக் கட்டிவிடுவார். ஓய்வு கொடுக்காமல் ஓட்டினால் மோட்டார் சூடேறிக் கருகும். அதே ஆக்சுவேட்டர் 20 மி.மீ. மட்டும் நகர்ந்தால் போதும் என்று கதவை வடிவமைத்திருந்தால், ஒரு பொட்டலத்துக்கு 2 வினாடி, நிமிடத்துக்கு ஏழு பொட்டலம் கிடைக்கும். எனவே இயந்திரத்தின் வேகத்தைக் கேட்டால் மட்டும் போதாது. கை எவ்வளவு தூரம் நகர்கிறது, டியூட்டி சைக்கிள் எத்தனை சதவீதம் என்ற இரண்டையும் கேட்க வேண்டும். நிமிடத்துக்கு 20, 30 பொட்டலம் வேண்டும் என்பவர்களுக்கு இந்த வகை சரிப்படாது. அவர்கள் காற்று சிலிண்டருக்கோ வேறு வகை மோட்டாருக்கோ போவதே நல்லது.

கதவு எங்கே நிற்கிறது?

கண்ட்ரோலர்களில் மிக எளியது இரண்டு ரிலே, ஒரு சுவிட்ச். தண்டு முழுவதும் நீண்டதும் லிமிட் சுவிட்ச் தட்டி நிற்கும், சுருங்கியதும் மற்றொரு சுவிட்ச் தட்டி நிற்கும். நடுவில் எங்கே இருக்கிறது என்பது அதற்குத் தெரியாது. கிரைண்டரைச் சாய்க்கவும் மூட்டையைத் தூக்கவும் இது தாராளமாகப் போதும். லேத் பட்டறைக்காரரே மாட்டிக் கொடுத்துவிடுவார். இதற்கு மேல் செலவழிப்பது வீண்.

எடை பார்த்து நிரப்புவது வேறு சங்கதி. 500 கிராம் ஆனதும் கதவு மூடினாலும், அந்த நொடியில் அந்தரத்தில் விழுந்துகொண்டிருக்கும் சாமான் கவருக்குள்தான் வந்து சேரும். இதைத் தவிர்க்க, முதலில் கதவை முழுதாகத் திறந்து பெரும்பகுதியை விட்டு, கடைசிச் சில கிராமைச் சிறு இடைவெளி வழியே சொட்டுச் சொட்டாக விட வேண்டும். நம் கடைகளில் தராசுத் தட்டு தாழப் போகும்போது கைப்பிடியை இறுக்கி மணி மணியாக உதிர்ப்போமே, அதே கைப்பக்குவம்தான். இதற்குத் தண்டு நடுவழியில் சரியான இடத்தில் நிற்க வேண்டும். ஆகவே இருக்குமிடத்தைத் திருப்பிச் சொல்லும் உணர்கருவி ஆக்சுவேட்டரில் இருக்க வேண்டும். அதைப் படித்தறியும் கண்ட்ரோலரும் வேண்டும்.

இதில் மிச்சம் பிடித்தால் என்னாகும்? பொட்டலத்துக்கு 8 கிராம் கூடுதலாகப் போகிறது என்று வைத்துக்கொள்வோம். நாளுக்கு 200 பொட்டலம் என்றால் 1.6 கிலோ, 25 வேலை நாளில் 40 கிலோ. மாதந்தோறும் ஏறக்குறைய ஒரு மூட்டைச் சாமானை இனாமாகக் கொடுத்ததாகிறது. குறைந்தால் அதைவிடக் கேடு. 2009-ஆம் ஆண்டுச் சட்டமுறை எடையளவுச் சட்டத்தின் கீழ் வந்த 2011-ஆம் ஆண்டுப் பொட்டலப் பொருள்கள் விதிகள் 500 கிராம் பொட்டலத்தில் 15 கிராம் வரையிலும், 100 கிராம் பொட்டலத்தில் 4.5 கிராம் வரையிலும் பிழையைப் பொறுத்துக்கொள்கின்றன. ஆனால் சோதிக்கும் பொட்டலங்களின் சராசரி, அச்சிட்ட எடைக்குக் குறையக் கூடாது. தொழிலாளர் துறையின் முத்திரை ஆய்வாளர் வந்து நிற்கும்போது கண்ட்ரோலர் செய்த பிழை என்று சொல்லித் தப்ப முடியாது. பொட்டலத்தில் அச்சாகியிருப்பது நம் கடைப் பெயர்தான்.

கரண்டு போனால்?

நம் ஊரில் காற்றோடு மழை பெய்தால் கரண்டு போவதும் வருவதும் வழக்கம். இங்கேதான் உணர்கருவியின் வகை முக்கியமாகிறது. ஒன்று பொட்டென்ஷியோமீட்டர் வகை. பழைய ரேடியோவின் வால்யூம் திருகைப் போன்றது. கரண்டு போய் வந்தாலும் தண்டு எங்கே நிற்கிறது என்று உடனே சொல்லிவிடும். ஆனால் உராய்ந்து ஓடுவதால் நாளடைவில் தேயும். மற்றொன்று ஹால் சென்சார் வகை. காந்தத் துடிப்புகளை எண்ணிக் கணக்கு வைப்பது. தேய்மானம் இல்லை, துல்லியமும் கூடுதல். ஆனால் கண்ட்ரோலரில் நினைவகம் இல்லாவிட்டால் கரண்டு போனதும் எண்ணிக்கை மறந்துவிடும். பிறகு தண்டை ஒரு கோடிவரை ஓட்டி, பூஜ்யத்திலிருந்து மறுபடி எண்ண வேண்டும். இதைத் தானாகச் செய்யும் கண்ட்ரோலர் உண்டு, செய்யாததும் உண்டு. செய்யாததை வாங்கினால், கரண்டு வந்தபின் விழும் முதல் சில பொட்டலங்களின் எடை தாறுமாறாக இருக்கும்.

இன்னொன்றும் உண்டு. கரண்டு திரும்பி வந்ததும் இயந்திரம் தானே ஓடத் தொடங்கக் கூடாது. யாராவது கதவுக்குள் கைவிட்டு அடைப்பை எடுத்துக்கொண்டிருக்கலாம். பட்டனை மறுபடி அழுத்தினால்தான் ஓட வேண்டும். தண்டு எதிலாவது இடித்தால் கரண்டு ஏறுவதைக் கண்டு மோட்டாரை நிறுத்தும் வசதியும் வேண்டும். புளி கட்டிகட்டியாக வரும், பயறில் கல் வரும். இந்த வசதி இல்லாவிட்டால் திருகோ மோட்டாரோ போய்விடும்.

வோல்ட், ஆம்பியர் கணக்கில் அதிகம் குழம்ப வேண்டாம். மோட்டார் புறப்படும்போது, ஓடும்போது எடுப்பதைவிடச் சில மடங்கு கரண்டு இழுக்கும். கண்ட்ரோலர் அதைத் தாங்க வேண்டும். 60 வாட் மோட்டார் 12 வோல்ட்டில் 5 ஆம்பியரும் 24 வோல்ட்டில் 2.5 ஆம்பியரும் எடுக்கும். வயர் நீளமாகப் போகும் இடத்தில் 24 வோல்ட்டே மேல்.

பி.எல்.சி. எல்லோருக்கும் தேவையா?

“எங்களுடையது பி.எல்.சி.” என்று சிலர் பெருமையாகச் சொல்வார்கள். இது பிறந்த கதையைப் பார்த்தால் யாருக்குத் தேவை என்பது விளங்கும். அமெரிக்காவில் ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனி, கார் மாடல் மாறும்போதெல்லாம் ரிலே பேனல்களின் வயரிங்கைப் பிரித்து மாற்ற வேண்டியிருந்ததால் சலித்துப்போய் மாற்றுக் கேட்டது. 1969-இல் மோடிகான் 084 வந்தது. வயரைத் தொடாமல் புரோகிராமை மாற்றினால் போதும். ஆகவே அடிக்கடி வேலை மாறும் இடத்துக்கு இது உகந்தது. காலையில் 100 கிராம் மிளகு, மதியம் ஒரு கிலோ சீனி, ஓணத்துக்கு நேந்திரங்காய் சிப்ஸ் என்று மாற்றி மாற்றிப் போடும் மொத்த வியாபாரிக்குப் பயன்படும். தினமும் அரைக் கிலோ மல்லி மட்டும் போடுபவருக்குச் சிறிய கார்டு போதும்.

பி.எல்.சி. வாங்குபவர்கள் ஒன்றை மறக்கக் கூடாது. புரோகிராமின் நகலும், பாஸ்வேர்டும், சர்க்யூட் படமும் பில்லோடு சேர்த்துக் கேட்டு வாங்க வேண்டும். இல்லையென்றால் கோயம்புத்தூரிலிருந்து ஆள் வரும்வரை இயந்திரம் சும்மா நிற்கும். நாகர்கோவிலிலோ தக்கலையிலோ உள்ள எலக்ட்ரீசியன் கைவைக்க முடியாது. கார்டு வகையானாலும் உதிரி ஒன்றைக் கையோடு வாங்கி வைப்பது புத்திசாலித்தனம்.

பெட்டியின் மேல் ஐ.பி. என்று எழுதி இரண்டு இலக்கம் இருக்கும். முதல் இலக்கம் தூசிக்கு, இரண்டாவது தண்ணீருக்கு. மிளகாய்ப் பொடி, மாவு போடும் இடத்துக்கு 65 நல்லது, 54-க்குக் குறையவே கூடாது. குளச்சல் பக்கம் உப்புக்காற்று படும் கடைகளில் டெர்மினல்கள் பச்சை பிடிக்கும். அங்கே மூடிய பெட்டி கட்டாயம்.

முன்பணம் கொடுக்குமுன் நம் சொந்தச் சாமானில் ஒரு மூட்டையை இயந்திரக்காரரிடம் எடுத்துச் செல்வோம். அவர் காட்டும் சீனி எல்லா இயந்திரத்திலும் சீராக விழும். நம் மல்லி அப்படி விழாது. முப்பது பொட்டலம் போடச் சொல்லி, ஒவ்வொன்றையும் வேறு தராசில் நிறுத்து எழுதிக்கொள்வோம். பதினைந்தாவது பொட்டலம் பாதி நிரம்பும்போது மெயின் சுவிட்சை நாமே அணைத்துப் போட்டு, பதினாறாவது எத்தனை கிராம் வருகிறது என்று பார்ப்போம்.