காற்றாடியா, கூரையா, கூடுதல் கட்டணமா?

ஆரல்வாய்மொழிக் கணவாயில் காற்று பிடித்துக்கொண்டால் முப்பந்தல் பக்கத்துக் காற்றாடிகள் இரவு பகல் பார்க்காமல் சுற்றும். அந்த இறக்கைகளின் நிழல் விழும் வீட்டுக்காரருக்கு அந்தக் கரண்டை விலை கொடுத்து வாங்க வழியில்லை. அவர் வீட்டுக்கு வருவது மின்வாரியத்தின் பொதுக் கம்பியில் வருவதுதான். அதே காற்றாடியின் யூனிட்டுகளோ முந்நூறு கிலோமீட்டருக்கு அப்பால் திருப்பூரில் ஏதோ ஒரு நூற்பாலையின் பில்லில் கழிந்துகொண்டிருக்கும்.

பசுமை மின்சாரம் பற்றிய குழப்பத்தில் பாதி இங்கேயே தொடங்குகிறது. பல ஓடைகள் கலந்த ஏரியில் எந்த மடை வழியே எந்த ஓடையின் தண்ணீர் பாய்கிறது என்று யாராலும் சொல்ல முடியாது. மின்கம்பியும் அப்படித்தான். காசு கொடுத்து வாங்கப்படுவது கணக்கு மட்டுமே: இன்னாருக்காக இத்தனை யூனிட் காற்றிலிருந்தோ வெயிலிலிருந்தோ கம்பியில் ஏற்றப்பட்டது என்ற கணக்கு. அந்தக் கணக்கை எப்படிச் சொந்தமாக்கிக்கொள்வது என்பதில்தான் வழிகள் வேறுபடுகின்றன. எந்த வழி யாருக்குத் திறந்திருக்கிறது என்பதை விருப்பம் தீர்மானிப்பதில்லை. மின் இணைப்பின் வகையும், மின்சாரம் செலவாகும் நேரமும் தீர்மானிக்கின்றன.

நேரம் ஏன் முக்கியம் என்பதற்குத் தமிழ்நாட்டுக் காற்றே சாட்சி. மே முதல் செப்டம்பர் வரைதான் அதன் பருவம். 2022 ஜூலை 9 அன்று மாநிலத்தின் காற்றாலைகள் ஒரே நாளில் 12 கோடி யூனிட்டுக்கு மேல் கொடுத்தன. மார்கழி, தை மாதங்களில் அதே காற்றாலைகள் ஒரு கோடி யூனிட்டைத் தொடாத நாட்களும் உண்டு. வெயில் அவ்வளவு சபலம் கொண்டதல்ல. ஆனால் மாலை ஆறு மணிக்குக் கடையைக் கட்டிவிடும்.

வீட்டில் குடியிருப்பவருக்கு விஷயம் எளிது. அவருக்கு நடைமுறையில் கைக்கெட்டுவது மொட்டை மாடிச் சூரியத் தகடு மட்டும்தான். 2024 பிப்ரவரியில் தொடங்கிய ‘பிரதமரின் சூர்ய கர்’ திட்டத்தில் 1 கிலோவாட்டுக்கு 30,000 ரூபாய், 2 கிலோவாட்டுக்கு 60,000, மூன்றும் அதற்கு மேலும் என்றால் 78,000 ரூபாய் மத்திய அரசு மானியம். ஒரு கிலோவாட்டுக்குச் சுமார் நூறு சதுர அடி, நிழல் விழாத இடம் வேண்டும். தமிழ்நாட்டு வெயிலில் ஒரு கிலோவாட் நாளொன்றுக்குச் சராசரியாக நான்கு யூனிட் தரும்.

இது எல்லா வீட்டுக்கும் லாபமா என்றால், இல்லை. இரண்டு மாதத்துக்கு 200 யூனிட்டுக்குள் அடங்கிவிடும் குடும்பத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம், அடுத்த நூறும் மானிய விலை. அந்தச் சின்ன பில்லை ஒழிக்க லட்சத்தை முடக்குவதில் பொருளில்லை. 700 யூனிட் ஓடும் வீட்டின் கதை வேறு. 500-ஐத் தாண்டும் ஒவ்வொரு யூனிட்டுக்கும் எட்டு ரூபாய்க்கு மேல் போவதோடு, கீழ்ப்படிகளில் இருந்த சலுகையும் பறிபோகிறது. அங்கே 2 கிலோவாட் தகடு வைத்தால் இரண்டு மாதத்தில் ஏறக்குறைய 480 யூனிட் கிடைக்கும். கம்பியில் ஏற்றியதை வாங்கியதிலிருந்து கழிக்கும் நெட் மீட்டர் கணக்கில் முதலில் வெட்டுப்படுவது அந்த விலையுயர்ந்த மேல்படிதான். ஆகவே மாடியில் எவ்வளவு இடம் இருக்கிறது என்று அளக்கும் முன்பு ஓராண்டு பில்களை எடுத்து வைத்துப் பார்ப்பது நல்லது. கோடையில் மட்டும் ஏ.சி. ஓடுகிறதா, ஆண்டு முழுக்க ஓடுகிறதா என்பது அதில் தெரிந்துவிடும்.

விற்க வருபவர் தானாகச் சொல்லாத ஒன்றும் உண்டு. மின்வாரியக் கம்பியோடு இணைந்த சாதாரணச் சூரிய அமைப்பு, கரண்ட் போனால் தானும் நின்றுவிடும். கம்பியில் பழுது பார்க்கும் லைன்மேனின் உயிரைக் காக்கவே அந்த ஏற்பாடு. மின்தடைக்கு மருந்து வேண்டுமென்றால் பேட்டரியோடு கூடிய அமைப்பு வேண்டும். அதற்குத் தனிச் செலவு.

மாடியில் குட்டிக் காற்றாடி வைத்தால் என்ன? பல வீட்டுக்காரர்களுக்கு இந்த ஆசை உண்டு. கண்காட்சிகளில் அவை அழகாகவும் சுற்றுகின்றன. ஆனால் காற்றின் வேகம் பாதியானால் கிடைக்கும் ஆற்றல் எட்டில் ஒரு பங்காகச் சுருங்கும். முப்பந்தலில் காற்று, மலைகளுக்கு நடுவே புனலில் புகுந்ததுபோல் அழுத்தப்பட்டு வருகிறது. நகரத்து மாடியில் அது தண்ணீர்த் தொட்டியிலும் பக்கத்துக் கட்டடத்திலும் மோதிச் சிதறி வருகிறது. கடலோரத்தில், தடையில்லாத வெட்டவெளியில் நிலம் வைத்திருப்பவரைத் தவிர மற்றவர்கள் அந்தப் பணத்தைத் தகடுகளில் போடலாம்.

அடுக்குமாடிக் குடியிருப்பில் ஆளுக்கொரு மாடி கிடையாது. அங்கே லிப்ட், மோட்டார், படிக்கட்டு விளக்கு போன்ற பொதுச் செலவுக்காகச் சங்கமே தகடு வைத்துக்கொள்ள அதே திட்டத்தில் கிலோவாட்டுக்கு 18,000 ரூபாய் மானியம் இருக்கிறது. சங்கக் கூட்டத்தில் எல்லோரையும் சம்மதிக்க வைப்பதுதான் இதில் கடினமான வேலை.

கடைகளுக்கும் சிறு பட்டறைகளுக்கும் மத்திய மானியம் இல்லை. கம்பியில் ஏற்றும் உபரி யூனிட்டுக்குக் கிடைக்கும் விலையும், வாங்கும் யூனிட்டுக்குக் கொடுக்கும் விலையைவிடக் குறைவு. ஆனால் கடை ஓடுவது பகலில். உற்பத்தியானதை அங்கேயே செலவழித்துவிட்டால் ஒவ்வொரு யூனிட்டும் முழு வணிகக் கட்டணத்தை மிச்சப்படுத்தும். ஞாயிறு விடுமுறை விடும் கடை, தன் பகல்நேரத் தேவையைவிடச் சற்றுக் குறைந்த அளவில் அமைத்துக்கொண்டால் போதும்.

காற்று உண்மையில் ஆலைகளின் சொத்து. 1986-ல் தூத்துக்குடி அருகே முள்ளக்காட்டில் மாதிரிக் காற்றாலைகள் நிறுவப்பட்ட பிறகு, தொண்ணூறுகளில் கோவை, திருப்பூர் நூற்பாலைகள் போட்டி போட்டு வாங்கியதற்குச் சுற்றுச்சூழல் அக்கறையைவிட வருமான வரியில் கிடைத்த துரித தேய்மானச் சலுகையே பெரிய காரணம். மில்கள் இரவிலும் ஓடுகின்றன. காற்றும் இரவில் வீசுகிறது. சூரியத் தகட்டால் தர முடியாத பொருத்தம் அது.

ஆலைக்கு மூன்று பாதைகள். சொந்தக் காற்றாடி வைப்பது முதலாவது. முதலும் பராமரிப்பும் முழுக்கத் தன் தலையில். இரண்டாவது ‘குரூப் கேப்டிவ்’: பல நிறுவனங்கள் சேர்ந்து ஒரு மின்நிலையத்தில் குறைந்தது 26 சதவீதப் பங்கு வைத்து, அதன் ஆண்டு உற்பத்தியில் குறைந்தது 51 சதவீதத்தைப் பயன்படுத்த வேண்டும் என்கின்றன 2005-ம் ஆண்டின் மின்சார விதிகள். மூன்றாவது, பங்கு எதுவும் இல்லாமல் வெளியாரிடம் நேரடியாக வாங்குவது. 2022-ம் ஆண்டின் பசுமை ஓபன் ஆக்ஸஸ் விதிகள் இதற்கான வாசலை 1 மெகாவாட்டிலிருந்து 100 கிலோவாட்டுக்கு இறக்கின.

காகிதத்தில் மூன்றாவது சுலபமாகத் தெரியும். ஆனால் பெரிய வாடிக்கையாளர் விலகுவதால் வரும் இழப்பை ஈடுகட்ட விதிக்கப்படும் ‘கிராஸ் சப்சிடி சர்சார்ஜ்’ அதில் விழும். கேப்டிவ், அதாவது சொந்த உபயோகத்துக்கு அது கிடையாது. கூடுதல் சர்சார்ஜும் கேப்டிவ் உபயோகிப்பாளரைத் தொடாது என்று 2021 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதனால்தான் தொழில்துறையில் குரூப் கேப்டிவுக்கு இத்தனை கிராக்கி. அதன் ஆபத்து கூட்டாளிகளிடம் இருக்கிறது. ஓராண்டில் கூட்டாகச் செலவழித்தது 51 சதவீதத்துக்குக் கீழே போனால் அந்த ஆண்டின் கேப்டிவ் தகுதியே போய்விடும். ஒரு பங்காளியின் ஆலை நொடித்து மூடப்பட்டால் மற்றவர்கள் என்ன செய்வது என்பது ஒப்பந்தத்தில் எழுதியிருக்க வேண்டும். யூனிட் விலையைப் பேசுவதற்கு முன்பே படிக்க வேண்டிய பகுதி அது.

முதலும் போட முடியாது, மாடியும் இல்லை என்பவருக்கு மின்வாரியத்திடமே பசுமை மின்சாரம் கேட்கும் வழி. அதே 2022 விதிகளின்படி தேவையில் 25, 50, 75 அல்லது 100 சதவீதத்தைப் பசுமையாகக் கேட்கலாம். குறைந்தது ஓராண்டுக்குக் கேட்க வேண்டும். விலையை மாநில மின்சார ஒழுங்குமுறை ஆணையம் தனியே நிர்ணயிக்கும். மகாராஷ்டிரம் இந்த விதிகளுக்கு முன்பே இதைத் தொடங்கிவிட்டது. 2021 மார்ச்சில் அங்குள்ள ஆணையம் யூனிட்டுக்கு 66 காசு கூடுதல் என்று அறிவித்து, வீட்டு இணைப்புக்கும் அதைத் திறந்துவிட்டது. அன்றைய அந்தக் கணக்கில், மாதம் 200 யூனிட் செலவழிக்கும் மும்பைக் குடும்பம் 132 ரூபாய் அதிகம் கட்டினால் நூறு சதவீதப் பசுமைச் சான்றிதழ் கிடைத்தது.

சான்றிதழ் கிடைப்பது உண்மை. அந்தப் பணத்தால் புதிதாக ஒரு காற்றாடி எழும்புமா என்பது வேறு கேள்வி. மின்வாரியம் சட்டப்படி எப்படியும் வாங்கியாக வேண்டிய பசுமை மின்சாரத்துக்கு மேலாக இந்த யூனிட்டுகள் வாங்கப்படுகின்றனவா என்று கேட்டுப் பார்ப்பது வாடிக்கையாளரின் உரிமை. சந்தையில் விற்கும் புதுப்பிக்கத்தக்க ஆற்றல் சான்றிதழுக்கும் இதே கேள்வி பொருந்தும். ஒரு சான்றிதழ் ஆயிரம் யூனிட்டுக்குச் சமம். வெளிநாட்டு பிராண்டுகளுக்கு ஆடை தைக்கும் நிறுவனத்துக்கு அந்தக் காகிதமே போதுமானதாக இருக்கலாம். மின்செலவைக் குறைக்க நினைப்பவருக்கு அது கூடுதல் செலவு மட்டுமே.

சொந்தக் காற்றாடி என்ற முதல் பாதையைத் தேர்ந்தெடுப்பவருக்கு ஒரு வார்த்தை. பழைய காற்றாடி விலைக்கு வரும்போது பலர் முதலில் திறனைக் கேட்கிறார்கள், 250 கிலோவாட்டா 500-ஆ என்று. அதைவிட, அது ஓடத் தொடங்கிய தேதியைக் கேட்பது மேல். ஆடியில் பொங்கும் யூனிட்டுகளைக் கணக்கில் வைத்து, தை மாதத்தில் எடுத்துக்கொள்ளும் ‘பேங்கிங்’ வசதி, மாநில ஒழுங்குமுறை ஆணையத்தின் 2018-ம் ஆண்டு ஆணையின்படி அந்த ஆண்டு மார்ச் 31-க்குள் ஓடத் தொடங்கியவற்றுக்கே பன்னிரண்டு மாதம். பின்னால் வந்தவற்றுக்குச் சுருக்கப்பட்டது. அப்படிச் சேமித்ததிலும் மார்ச் 31 அன்று மிஞ்சுவது குறைந்த விலைக்குத்தான் போகும். எனவே விற்பவரிடம் கேட்டு வாங்க வேண்டியவை: கடந்த சில ஆண்டுகளின் மாதவாரி உற்பத்தி, காற்று உச்சத்தில் இருந்தபோது கம்பியில் இடமில்லை என்று நிறுத்தச் சொன்ன நேரங்களின் பதிவு, வாரியத்தோடு போட்ட ஒப்பந்தத்தில் மிச்சமிருக்கும் ஆண்டுகள்.