வன்னியிலிருந்து ஒளிப்படம் படிக்கப் போகிறவர்களுக்கு முழுமையான வழிகாட்டி

2017 பெப்ரவரி 20ஆம் திகதி கிளிநொச்சி கந்தசுவாமி கோயில் முன்றலில் காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவினர்கள் தொடர் போராட்டத்தைத் தொடங்கினார்கள். தாய்மாரின் கைகளில் இருந்தவை பிள்ளைகளின் படங்கள். 2009 இறுதிப் போரில் ஆல்பங்களையும் விட்டுவிட்டு ஓடிய குடும்பங்களுக்கு அடையாள அட்டைக்கு எடுத்த சின்னப் படம் மிஞ்சியதே பெரிது. ஒளிப்படத்தின் பெறுமதியை இந்த மண்ணுக்கு யாரும் சொல்லிக் கொடுக்கத் தேவையில்லை. ஆனாலும் "கமரா தூக்குறதுக்கு ஏன் கம்பஸ்?" என்று வீட்டில் கேட்பார்கள். பதிலை முதல் நாளே தயாராக வைத்திருங்கள்: படம் எடுக்க எவரிடமும் பழகலாம். எடுத்ததைப் பாதுகாக்கவும், வாசிக்கவும், அதற்குப் பொறுப்புச் சொல்லவும் படிப்பு வேண்டும்.

படி 1: உயர்தரப் பாடத் தெரிவு

'ஒளிப்படவியல்' என்ற பெயரிலேயே ஒரு பட்டத்தை வன்னிக்குள் தேடி மனம் சோராதீர்கள். 2021 ஓகஸ்டில் தனிப் பல்கலைக்கழகமான வவுனியாவில் பிரயோக விஞ்ஞானம், வணிகம், தொழில்நுட்பம் ஆகியவையே பீடங்கள். ஒளிப்படத்துக்கு அயல் துறைகள் வழியாகத்தான் போகவேண்டும். அதனால் உயர்தரத்தில் கலைப்பிரிவு மாணவர்களுக்குச் சித்திரமும், தொடர்பாடலும் ஊடகக் கற்கையும் நேரடியாக உதவும் பாடங்கள்.

படி 2: எந்தப் பல்கலைக்கழகம்?

யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் சித்திரமும் வடிவமைப்பும், கலை வரலாறு, ஊடகக் கற்கை என்று மூன்று வாசல்கள் உண்டு. மட்டக்களப்பில் சுவாமி விபுலாநந்த அழகியற் கற்கைகள் நிறுவகம் கட்புல, தொழில்நுட்பக் கலைகளைக் கற்பிக்கிறது. செய்தி, வீடியோப் பக்கம் நாட்டமுள்ளவர்கள் திருகோணமலை வளாகத்தின் தொடர்பாடல் கற்கையைப் பார்க்கலாம்.

என் தெரிவு யாழ்ப்பாணம். அங்கே கற்பிக்கும் ஓவியர் த. சனாதனன், இடம்பெயர்ந்தவர்களைக் கொண்டு அவர்கள் இழந்த வீடுகளின் தரைப்படங்களை நினைவிலிருந்து வரையச் செய்து, 2011இல் 'தி இன்கம்ப்ளீட் தோம்பு' என்ற நூலாக்கினார். இழப்பை எப்படி ஆவணமாக்குவது என்று அறிய விரும்பும் வன்னி மாணவருக்கு அதைவிட நல்ல தொடக்கப் பாடம் எனக்குத் தெரியவில்லை.

இசட் புள்ளி மட்டும் போதாது. சில கற்கைநெறிகளுக்கு உளச்சார்பு அல்லது செயன்முறைப் பரீட்சையும் உண்டு. பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் கையேட்டையும், அந்தந்தப் பல்கலைக்கழகங்கள் வெளியிடும் அறிவித்தல்களையும் சேர்த்தே கவனியுங்கள். ஒன்றைத் தவறவிட்டால் ஒரு வருடம் போய்விடும்.

உயிரியல் படித்தவர்களுக்கும் ஒரு வழி இருக்கிறது. எக்ஸ்ரே, ஸ்கான் எல்லாம் படமெடுக்கும் விஞ்ஞானம்தான். பேராதனையில் அதற்குக் கதிர்ப்படவியல் பட்டம் உண்டு.

படி 3: வீட்டிலேயே தொடங்கும் பயிற்சி

கமரா வாங்கக் கடன்படாதீர்கள். போனில் 'ப்ரோ' முறை இருந்தால் முதல் வருடத்துக்குப் போதும்.

வைகாசி வந்தால் முள்ளியவளை காட்டா விநாயகர் கோயிலுக்கும் வற்றாப்பளை அம்மன் பொங்கலுக்கும் போங்கள். சிலாவத்தைக் கடலில் எடுத்த நீரில் எரியும் விளக்கை, பூசைக்கு இடைஞ்சல் இல்லாமல், பிளாஷ் போடாமல் எடுத்துப் பழகுங்கள். ஐஎஸ்ஓ 3200, ஷட்டர் வேகம் 1/60 என்று தொடங்கி, வெளிச்ச அளவைச் சுடரில் அல்லாமல் அருகில் நிற்பவரின் முகத்தில் எடுத்து, அதற்கேற்ப மாற்றுங்கள். சுடரில் எடுத்தால் முகங்கள் கறுத்துவிடும். முகத்தில் எடுத்தால் சுடர் கொஞ்சம் வெளுக்கும், அதைப் பொறுத்துக்கொள்ளலாம்.

இரண்டாவது பயிற்சி இன்னும் முக்கியம். உங்கள் ஊரில் தப்பிய பழைய படங்களைப் பிரதி எடுங்கள். பிளாஸ்டிக் தாளோடு ஒட்டிப்போன படத்தைப் பிய்க்கவேண்டாம், மேல்தோல் உரிந்து முகம் போய்விடும். தாளோடு சேர்த்தே 600 டிபிஐயில் ஸ்கான் செய்யுங்கள். அந்த மூலக்கோப்பைத் தொடாமல் வைத்து, பிரதியில் மட்டும் திருத்துங்கள். படத்தின் பின்புறத்தையும் எடுங்கள். பெயர், ஊர், ஆண்டு பலவேளை அங்கேதான் இருக்கும். மங்கிய முகத்தைத் தெளிவாக்கச் சொல்லிச் செயற்கை நுண்ணறிவுச் செயலியிடம் கொடுக்காதீர்கள். அது இல்லாத கண்ணையும் வாயையும் தானே வரைந்துவிடும். ஒரு தாயிடம் அவள் பிள்ளையல்லாத முகத்தைக் கொடுப்பதைவிட மங்கலான படத்தைக் கொடுப்பது மேல்.

2005இல் தொடங்கிய நூலகம் நிறுவனம் ஈழத்து நூல்களோடு படங்களையும் மின்வடிவில் சேமிக்கிறது. விவரக் குறிப்புகள் எப்படி எழுதப்படுகின்றன என்பதை அங்கே பார்த்துப் பழகுங்கள்.

படி 4: அனுமதியும் பாதுகாப்பும்

அழுதுகொண்டிருப்பவரைக் கேட்காமல் எடுக்காதீர்கள். கேட்டு எடுத்தாலும், வெளியிட முன் இன்னொரு முறை கேளுங்கள். ட்ரோனைப் பறக்கவிட முன் சிவில் விமானப் போக்குவரத்து அதிகார சபையின் பதிவு விதிகளைப் பாருங்கள். இராணுவ முகாம்களுக்கு அருகில் கமராவை வெளியே எடுக்கவே வேண்டாம். 2020 ஒக்டோபரில் முல்லைத்தீவு முறிப்பில் மரக்கடத்தலைப் பதிவுசெய்யப் போன இரு ஊடகவியலாளர்கள் தாக்கப்பட்டார்கள். தனியே போகாதீர்கள், போகுமிடத்தை வீட்டில் சொல்லிவிட்டுப் போங்கள்.

படி 5: செலவு

அரச பல்கலைக்கழகங்களில் முதல் பட்டம் இலவசம். தகுதியானவர்களுக்கு மகாபொல உதவித்தொகையும் கிடைக்கும். இந்தியாவில் படிக்க விரும்புகிறவர்கள் இந்திய உயர்ஸ்தானிகராலயத்தின் நேரு நினைவுப் புலமைப்பரிசில் அறிவித்தலைப் பாருங்கள். தனியார் நிறுவனம் என்றால், பணம் கட்டமுதல் அதன் சான்றிதழ் எந்த என்விகியூ மட்டத்தில் பதிவாகியிருக்கிறது என்று எழுத்தில் கேளுங்கள்.

உயர்தரம் எழுதி முடித்தவர்கள் பெறுபேறு வரும்வரை சும்மா இருக்கவேண்டாம். அந்த மாதங்களில் உங்கள் ஒழுங்கையிலுள்ள வீடுகளின் பழைய படங்களை ஸ்கான் செய்து, ஒரு பிரதியை வீட்டுக்காரரிடமே கொடுத்துவிடுங்கள்.